மேளத்துக்கு முன்னே

சாலம்மாள் கட்டுச்சோற்று மூட்டையை முடிந்துகொண்டே இருந்தாள். ஒரு முடிச்சுப் போட்டாள். அது போதாதென்று அதன்மேல் இன்னொன்று.

கொழுந்தன் சென்னப்பன் அரிசிப் பையைத் தோளில் வைத்தபடி வாசலில் கால் மாற்றி நின்றான்.

கிழக்கு வெளுத்துவிட்டது. மாரியம்மன் கோயில் பக்கம் புகை தெரிந்தது. வைக்கோலைக் கொளுத்தி மேளத்தோலைக் காய்ச்சுகிறார்கள்.

அந்த மேளம் அடித்துக் காப்புக் கட்டிவிட்டால் தீர்ந்தது. அப்போது ஊர் எல்லைக்குள் இருப்பவன், பண்டிகை முடியும்வரை வெளியூரில் இரவு தங்கக் கூடாது.

சென்னப்பன் தங்க வேண்டியதோ சேலத்தில்.

விஷக்காய்ச்சலில் படுத்ததில் இண்டர்மீடியட் படிப்பு பாதி போய்விட்டது. அவனைப் போலப் பின்தங்கியவர்களுக்காகக் காலேஜில் கோடை விடுமுறையில் கணக்கு வகுப்பு வைத்திருந்தார்கள். காலையில் அல்ஜீப்ரா, மத்தியானம் ஜியாமெட்ரி, வெயில் சாய்ந்ததும் டிரிக்னாமெட்ரி. ஒரு வருஷத்துப் பாடத்தை ஒரு கோடைக்குள் திணித்தார்கள். நேற்றுப் புரிந்ததை இன்று வந்தது மிதித்துக்கொண்டு போனது.

ஒரு நாள் வராவிட்டாலும் பெயரை அடித்துவிடுவதாக லெக்சரர் சொல்லியிருந்தார். பெயர் போனால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லையென்றால் ஊருக்கு வந்து அண்ணனோடு ஏர் பிடிக்க வேண்டியதுதான் என்று அப்பா முன்பே முடிவு சொல்லிவிட்டார்.

யுத்த காலம். சேலத்தில் அரிசிக்கு ரேஷன். வீட்டிலிருந்து அரிசி எடுத்துப் போகத்தான் சனிக்கிழமை வந்தான். காப்பு அடுத்த வெள்ளிக்கிழமை என்றுதான் பேச்சு. பக்கத்து ஊரில் அம்மை போட்டிருக்கிறது என்று சேதி வந்ததும், ஞாயிற்றுக்கிழமை இரவு ஊர் கூடி அதைத் திங்கட்கிழமை விடியலுக்கு மாற்றிவிட்டது.

திங்கட்கிழமை விடிந்துகொண்டிருந்தது.

காப்பு மஞ்சள் கொடுப்பது அவர்கள் வீட்டு முறை. இரட்டைக் கிளை விட்ட கிழங்காகப் பார்த்து, நூல் சுற்றி, அப்பா சாமி படத்தடியில் வைத்திருந்தார். அவர் கோயிலுக்கு முன்னால் போய்விட்டார். போகும்போது மகனைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார். மேளத்துக்கு முன்னே எல்லைக்கல்லைத் தாண்டினால் போகலாம், அடித்துவிட்டால் நிற்க வேண்டும், பெற்ற பிள்ளைக்காக அவர் மேளத்தை நிறுத்தப்போவதில்லை.

“அண்ணி, குடுங்க. மேளம் அடிச்சுருவாங்க.”

“மேளம் எங்கீங்க தம்பி ஓடிப்போவுது? ரயிலு கெளம்புற வரைக்கும் இதை அவுக்காதீங்க. சோறு சிந்திரும்.”

அவளுக்கு எப்போதும் கேலிதான். அவன் வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டுவிட்டு, எருமை கறக்கிற பாலையும் எக்ஸ் என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பாள். நேற்று இரவிலிருந்து அந்தக் கேலியும் இல்லை. வேண்டுமென்றே தாமதிக்கிறாள் என்று அவனுக்குப் பட்டது. அவன் நின்றுவிட்டால் களத்து வேலைக்கு ஓர் ஆள் மிச்சம்.

மூட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு நடந்தான். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

வரப்பில் இறங்கியதும் நடை ஓட்டமானது. தோளில் அரிசி குதித்தது. சனிக்கிழமை நடத்திய சூத்திரத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். சைன் வர வேண்டிய இடத்தில் காஸ் வந்தது. மறுபடி சொன்னான். இரண்டும் காணாமல் போயின.

காது மட்டும் முதுகுப் பக்கமே இருந்தது.

எல்லைக்கல் தெரிந்தது. இதோ அடிக்கப்போகிறார்கள். இந்த அடியில், இல்லை, அடுத்த அடியில்.

மேளம் அடிக்கவில்லை. கோயில் பக்கமிருந்து பேச்சுச் சத்தம் மட்டும் எழுந்தது. யாரோ உரத்துக் கேட்டார்கள், யாரோ அதட்டினார்கள்.

கல்லைத் தாண்டிவிட்டான்.

தாண்டிய பிறகும் நிற்கவில்லை. மொரப்பூர் ஸ்டேஷனில் ரயில் நின்றுகொண்டிருந்தது. பட்டாள வண்டி ஒன்றுக்கு வழிவிட்டு நிற்கிறது என்றார்கள். கதவோரம் நெருக்கியடித்து ஏறி, அரிசிப் பையைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டான். மூச்சு திரும்பியது. சூத்திரமும் திரும்பியது. சைன் அதன் இடத்தில் இருந்தது.

அம்மன் காப்பாற்றினாள் என்று கும்பிட்டுக்கொண்டான்.

வண்டி நகர்ந்தபோதுதான் உறைத்தது. வெயில் நன்றாக ஏறிவிட்டது. விடியலில் கட்ட வேண்டிய காப்பு. அவன் ஊர் மேளம் ஸ்டேஷன்வரை கேட்கும். இன்னும் கேட்கவில்லை.

வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா?

கைக்கு வேலை கொடுக்க மூட்டையை அவிழ்த்தான். முதல் முடிச்சு இளகவில்லை. பல்லால் கடித்து இழுத்தான்.

புளிச்சோறு. மேலே வாழையிலை. இலைக்கும் துணிக்கும் நடுவில், கந்தல் துணியில் சுருட்டிச் சின்னதாக ஏதோ ஒன்று.

பிரித்தான்.

நூல் சுற்றிய மஞ்சள் கிழங்கு. இரட்டைக் கிளை.

பக்கத்தில் நின்றவர் எட்டிப் பார்த்தார். சென்னப்பன் விரல்களை மூடிக்கொண்டான்.

அது இல்லாமல் காப்பு இல்லை. வேறு கிழங்கு வைப்பதானால் அம்மனிடம் பூப்போட்டுக் கேட்டு, உத்தரவு வந்த பிறகுதான் மேளத்தைத் தொடுவார்கள். அதற்கு முன், மஞ்சள் எங்கே என்று ஊர் கேட்கும். அப்பா கேட்பார்.

கேட்பது யாரை என்பதும் அவனுக்குத் தெரியும். மஞ்சள் தட்டைத் துணி போட்டு மூடிக் கோயிலுக்கு ஏந்திப் போவது வீட்டின் மூத்த மருமகள்.

கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினான். ஊர் இருக்கும் திசையில் காது கொடுத்தான்.

மேளம் இன்னும் அடிக்கவில்லை.