ரேடியோ பாடும் கட்டம்

“இதெல்லாம் ஒரு சண்டையாம்மா?” என்று கேட்டுக்கொண்டே ஹெட்போனை மாட்டினேன்.

கோகிலவாணி என் பங்காளி மகள். பிறவியிலேயே பார்வை இல்லை. தன்னைப் போன்றவர்கள் போனில் விளையாட, காதால் கேட்டே அடிக்கிற சண்டை விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள்.

வீரன் இடமிருந்து வலமாக ஒரே கோட்டில் போவான். எதிரி வருகிற பக்கத்துக் காதில் சத்தம் கேட்கும். கிட்டே வந்ததும் தட்டினால் அடி.

முதல் தடவை விளையாடியபோது காறித் துப்பாத குறை. எதிரி செருப்பைத் தேய்த்துக்கொண்டு, உறுமிக்கொண்டு வந்தான். அவன் எதிரி இல்லை, பால் வண்டி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்க முடியாது. வத்தல்மலையில் ஒரு கரடிக்குப் பின்னால் பொழுது சாயும்வரை சத்தமில்லாமல் நடந்தவன் நான். கடைசியில் கரடி திரும்பிப் பார்த்து, ஒதுங்கி வழி விட்டது.

நான் சொன்ன பிறகு மாற்றியிருந்தாள். இப்போது வீரன் நடந்தால் அவன் காலடியே எதிரியின் சத்தத்தை அமுக்கிவிடும். நின்று கேட்கலாம். ரொம்ப நேரம் நின்றால் பின்னால் சூழ்ந்துகொள்வார்கள். திரையில் மேலே தட்டினால் நிற்பவனுக்கு அடி, கீழே தட்டினால் குனிந்திருப்பவனுக்கு.

அப்படியும் மட்டம்தான்.

பிறகு ஏன் விளையாடினேன்? என் நிலத்தை ஒட்டி, ஒரு வரப்புக்கு அந்தப் பக்கம் அவள் நிலம். அதைக் குத்தகைக்கு விடப்போகிறாள். கேட்டது நானும் மாதப்பனும். கடைசிக் கட்டத்தைத் தாண்டுகிறவருக்குத்தான் நிலம் என்று சொல்லிவிட்டாள்.

மாதப்பன் ஏற்கெனவே தோற்று, வாசற்படியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். பாப்பாரப்பட்டிச் சந்தையில் சொந்த மாட்டைத் தொலைத்துவிட்டு, அடுத்தவன் மாட்டிடம் போய் விசாரித்த ஆள். அவன் தோற்காமல் யார் தோற்பது?

“அண்ணா, அதைக் காதுல மாட்டணுங்க. கழுத்துல இல்ல” என்றான்.

கொட்டாவி விட்டுக்கொண்டே மற்ற கட்டங்களைத் தாண்டினேன்.

கடைசிக் கட்டத்தில் அடிக்க யாருமே வரவில்லை. இடது பக்கம் வரப்பு, வலது பக்கம் மோட்டார் ரூம், நடுவில் இருக்கும் நிலத்தைக் காப்பாற்று என்று ஒரு குரல் சொன்னது. அவ்வளவுதான்.

மோட்டார் ரூமில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. யாரோ காலை நீட்டி உட்கார்ந்து கேட்பதுபோல.

இடது காதில், இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல், ‘தொப்’ என்று எப்போதாவது ஒரு சத்தம். நிலம் மட்டும் குறைந்துகொண்டே வருவதாக அந்தக் குரல் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் யோசிக்கவே இல்லை. இடது பக்கம் திரும்பிக் கீழே தட்டினேன்.

“அய்யோ” என்று ஒருவன் விழுந்தான். வெற்றி மணி அடித்தது.

பால் குடிக்கிற பிள்ளைகூடத் தாண்டும் என்று சொல்லியபடி ஹெட்போனைக் கழற்றினேன்.

மாதப்பன் கடலை உரிப்பதை நிறுத்தியிருந்தான்.

“இதுவரைக்கும் விளையாடுன அத்தனை பேரும் ரேடியோ பக்கந்தான் ஓடுனாங்க பெரியப்பா” என்றாள் கோகிலவாணி. “நீங்க ஒருத்தர்தான் நேரா வரப்புக்குப் போனீங்க. அதுலயும் குனிஞ்சிருக்கறவன அடிச்சீங்க.”

தூரத்தில் என் மோட்டார் ரூமில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நான் இங்கே இருந்தேன்.

அவள் முகம் மாறாமல் சொன்னாள்: “சொன்ன சொல்லு சொன்னதுதாங்க. நெலம் உங்களுக்கே. வியாழக்கிழமை சர்வேயர் வராரு. பழைய எல்லைக் கல்லுல இருந்து அளந்து குடுத்துடறேன்.”

எழுந்து துண்டை உதறினேன். மட்டமான விளையாட்டு. குறையைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

“எல்லாம் சரிம்மா. அந்தத் ‘தொப்’புங்கற மம்புட்டிச் சத்தந்தான் தப்பு. மொத நாளே வரப்புக்குத் தண்ணி வுட்டு நனைச்சுட்டு வெட்டுனா, அதுகூடக் கேக்காது.”