பால்மா டின்

சின்னவன் நவ்பருக்கு ஓயாத தடிமன், தும்மல். சவூதியிலிருந்து தகப்பன் ஜெமீல் பால்மா டின் அனுப்பினான். பிள்ளையோ வாயில் வைத்ததுமே துப்பினான். தாய் றாஹிலா, பாவம், அதை யாரிடமும் சொல்லவில்லை. ஜெமீலின் அக்கா, பாத்தும்மா ராத்தா, வெள்ளிக்கிழமைதோறும் வந்து டின்னைக் குலுக்கிப் பார்ப்பாள்.

“குடுக்காட்டி தம்பிக்கு எழுதிப் போடுவன், விளங்கிச்சா?”

“ஓம் மதினி.”

மாரி முடிந்தது. பிள்ளைக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

“பாத்தியா புள்ள, டின்னுட மகிமைய?”

அப்போதுதான் றாஹிலாவுக்குத் துணிச்சல் வந்தது. “அவன் குடிச்சது முருங்கையிலை போட்ட குரக்கன் கஞ்சி, மதினி.”

“அப்ப டின் எப்பிடி முடிஞ்சிச்சி?”

“இந்த ஊட்டுத் தேத்தண்ணி மாதிரி எங்கயும் இல்லயெண்டு, வாற நேரமெல்லாம் ரெண்டு கோப்பை குடிக்கிறீங்களே!”

பாத்தும்மா கையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள். மிச்சத்தையும் குடித்து முடித்தாள்.

“தம்பிக்கு நானே எழுதுறன், இன்னொரு டின் அனுப்பச் சொல்லி.”