கண்ணாடி வேண்டாம், கம்பி வேண்டாம்

“கண்ணாடி பாட்டில் வேண்டாம்னு சொன்னேன்ல...”

“அக்கா, கண்ணாடிதான் நல்லது, கொதிக்கிற தண்ணியில போடலாம், பால் வாடை தங்காது...”

“நல்லதா கெட்டதான்னு நான் கேட்டேனா? வேண்டாம்!”

இருவரும் ஒரே நேரத்தில் பேசியதில் யார் சொன்னதும் யார் காதிலும் விழவில்லை. தாய்க்கும் சேய்க்கும் வேண்டிய சாமான் விற்கும் கடை அது. கடைக்காரி பதினைந்து வருஷத்தில் எத்தனையோ மாமியார்களைப் பார்த்துவிட்டாள். எடுத்து வைத்ததையெல்லாம் தள்ளி வைக்கிற மாமியாரை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். வந்தவளுக்கு ஐம்பது வயதிருக்கும். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. கண் சுவர்க் கடிகாரத்திலேயே இருந்தது.

“சரி, பாட்டிலை விடுங்க. பால் எடுக்கிற பம்ப்பைப் பாருங்க. இது கரண்ட்ல ஓடறது. பட்டனைத் தட்டிட்டுச் சும்மா உக்காந்துக்கலாம்.”

“இந்த வயர் எவ்வளவு நீளம்?”

“தாராளமா ரெண்டு மீட்டர் வரும். கட்டில்ல சாஞ்சுக்கிட்டே...”

“அப்போ வேண்டாம்.”

“நீளமா இருந்தா நல்லதுதானேக்கா?”

“வயரே வேண்டாம்.”

“வயர் இல்லாம சார்ஜ் பண்றது இருக்கு. எவ்வளவு பால் வந்துச்சுன்னு போன்லயே காட்டும்.”

“அவகிட்ட போன் கிடையாது.”

கடைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். “இந்தக் காலத்துலயா? இல்ல, நீங்க பிடுங்கி வச்சுக்கிட்டீங்களா?”

“வாங்கி வச்சிருக்கோம்” என்றாள் வந்தவள், மழை பெய்கிறது என்று சொல்வதுபோல.

பக்கத்து அலமாரியில் குட்டி சாக்ஸ் பார்த்துக்கொண்டிருந்த கணவனும் மனைவியும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

“கையால அமுக்கறது இருக்கும்ல, அதை எடும்மா. அஞ்சு மணிக்குள்ள நான் போயாகணும். பொண்ணு அங்க துடிச்சுக்கிட்டு இருக்கா. மார் கல்லாக் கட்டிக்கிச்சு, காய்ச்சல் வேற. இன்னைக்கும் எடுக்காம விட்டா பால் நின்னுடும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. குழந்தை ஒண்ணரைக் கிலோகூட இல்ல. ஆஸ்பத்திரியில குழாய் வழியாத்தான் குடிக்குது. தாய்ப்பால் போனாத்தான் தேறுமாம்.”

“குழந்தை ஆஸ்பத்திரியில, தாய் உங்ககிட்டயா?”

“மூணாம் நாளே கூட்டிட்டு வந்துட்டோம்.”

“டாக்டரே அனுப்பிட்டாங்களா?”

“அவங்க இருக்கட்டும்னுதான் சொன்னாங்க. எங்க பக்கத்துல ஒத்துக்கல. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பாலை நான் கொண்டு போய்க் குடுக்கறதுன்னு பேசி முடிச்சிருக்கேன். இதுக்கே ரெண்டு நாள் மல்லுக்கட்டினேன்.”

“யாரோட, உங்க வீட்டுக்காரரோடயா?”

வந்தவள் பால் பிடித்து வைக்கும் மெல்லிய பைகளை எடுத்துத் தடவிப் பார்த்தாள். “இது சரி.” கடைக்காரி பெருமூச்சு விட்டாள். அப்பாடா, ஒன்று தேறியது! அந்தத் தைரியத்தில் கழுவும் பிரஷ்ஷை நீட்டினாள்.

“இதுக்குள்ள கம்பி ஓடுதே. வேண்டாம். ஸ்பாஞ்சு போதும்.”

கடைக்காரிக்குக் காது சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பம்ப்பைப் பிரித்துக் காட்டினாள்.

“மார்ல வைக்கிற இந்த வாய் மூணு அளவுல வருது. சின்னதாப் போனா புண்ணாயிடும், பெருசாப் போனா பால் இறங்காது. பொண்ணை ஒரு நிமிஷம் கூட்டிட்டு வாங்க, பார்த்துச் சொல்லிடறேன்.”

“அவ வர முடியாது.”

“வண்டியில உக்கார வச்சாவது...”

“வெளிய வர முடியாதுன்னு சொல்றேன்ல!”

அவ்வளவுதான். மூன்று அளவையும் கடைக்காரி மேஜைமேல் டக் டக்கென்று வைத்தாள்.

“தப்பா நினைச்சாலும் பரவாயில்ல, சொல்லிடறேன். கண்ணாடி ஆகாது, கம்பி ஆகாது, போன் கூடாது. பெத்தது ஒரு பக்கம், அவ ஒரு பக்கம். பச்சை உடம்புக்காரியைப் பூட்டியா வச்சிருக்கீங்க? நீங்களும் ஒரு பொம்பளைதானே?”

“நல்லாக் கேளுங்கக்கா” என்றாள் சாக்ஸ் பார்த்தவள், எதற்கோ கணவனை முறைத்துக்கொண்டே.

வந்தவள் கோபப்படவில்லை. அலுப்போடு மூன்று அளவையும் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். “மூணையும் போடு. எது பொருந்துதோ அதை வச்சுக்கட்டும். இந்தத் துணிப்பை வேண்டாம், உள்ள இருக்கறது வெளிய தெரியற மாதிரி ஒரு கவர் குடு. பில்லுல ஒவ்வொரு சாமானையும் தனித்தனியா எழுதும்மா. வாசல்ல ஒண்ணொண்ணா எடுத்துப் பார்ப்பாங்க.”

“வீட்டு வாசல்லயே சோதனையா! ரொம்ப நல்ல குடும்பம்.” கடைக்காரி பில் புத்தகத்தை வெடுக்கென்று திறந்தாள். “வாங்கிட்டுப் போறது நீங்களா இருக்கலாம். ஆனா பில்லுல அந்தப் பொண்ணு பேரைத்தான் போடுவேன். அதையாவது வாயைத் திறந்து சொல்லுங்க.”

“பேர் போட்டா உள்ள விட மாட்டாங்கம்மா. பெண்கள் ஜெயில், ஆறாவது அறை, வார்டர் மூலமான்னு போடு, அந்த வார்டர் நான்தான். அவ நம்பர் சொல்றேன், எழுதிக்கிறியா?”