மோட்டார் இல்லாத தொட்டி

"இதுக்கு மோட்டார எங்க தம்பி ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த விஸ்வலிங்கம், மாப்பிள்ளையை விட்டுவிட்டு ஹாலில் இருந்த மீன் தொட்டியின் பின்பக்கம் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"மோட்டார் இல்ல அங்கிள்," என்றான் அருணன்.

"பில்ட்டர்?"

"அதுவும் இல்ல. செடி மட்டுந்தான்."

விஸ்வலிங்கம் நம்பவில்லை. குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீரைச் சோதித்துச் சோதித்தே ஓய்வு பெற்ற மனிதர். கடையில் தண்ணீர் கொடுத்தால்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். ஆட்களையும் அப்படித்தான் பார்ப்பார். மகள் அனுஜாவுக்கு வந்த வரன்களில் ஒருவன் அதிகம் பேசுகிறான், இன்னொருவன் பேசவே மாட்டேன் என்கிறான் என்று எல்லாரையும் கழித்துக் கட்டியாயிற்று.

"அனுஜா வேலை செய்யுற கிளினிக்கும் செமோர்லதான். தினமும் ஜாம்ல மாட்டிக்கிட்டு லேட்டா வர்ற தொல்லையும் விடும்," என்று சொல்லித்தான் மனைவி சாரதாதேவி அவரை ஈப்போவிலிருந்து பக்கத்து ஊரான செமோருக்குக் கிளப்பிக்கொண்டு வந்திருந்தார். இங்கேயும் இவர் உதட்டைப் பிதுக்கினால் கதை முடிந்தது. அனுஜா சோபா ஓரத்தில், யாருக்கோ சம்பந்தம் பேசுகிறார்கள் என்பதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

"படிகாரம் போடுறீங்களா?"

"இல்ல அங்கிள்."

"குளோரின்?"

"குளோரின் போட்டா மீன் செத்துடும்லா அங்கிள்."

"அது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமான்னு பார்த்தேன்."

ரிப்பன் போல நீண்ட இலைகள் தொட்டியின் அடியிலிருந்து மேல்வரை மெல்ல ஆடின. ஒரு மரத்துண்டைப் பற்றிக்கொண்டு கரும்பச்சைச் செடி ஒன்று வளர்ந்திருந்தது. விளிம்பில் செருகியிருந்த மணி பிளான்ட்டின் வெள்ளை வேர்கள் தாடி மாதிரி தண்ணீருக்குள் இறங்கியிருந்தன. அவ்வளவு தெளிவில் தண்ணீர் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்தது. விஸ்வலிங்கம் விரலை விட்டு முகர்ந்து பார்த்தார். நாற்றம் இல்லை. மழை விட்ட தோட்டத்து மண் வாசனைதான் அடித்தது.

"மீனோட கழிவுதான் செடிக்கு உரம். அத செடி இழுத்துக்குது, தண்ணி சுத்தமாயிடுது. வத்துற தண்ணிய மட்டும் ஊத்துனா போதும்," என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லி முடித்தான் அருணன்.

"மீன் எங்க? ஒண்ணையும் காணோமே."

"ஏஞ்சல் மீன் அங்கிள். ரொம்பக் கூச்சம். நல்லாப் பழகின ஆளுக்குத்தான் வெளிய வரும்."

அருணனும் கிட்டே போய்க் குனிந்து பார்த்தான். இலை மறைவில் ஒரு வால் தெரிந்து, அதுவும் உள்ளே போய்விட்டது.

"இந்தக் கரும்பச்சைச் செடிக்கு என்ன பேரு?"

அருணன் கழுத்தைச் சொறிந்தான். "அது… பேரு வாய்ல வர மாட்டேங்குது அங்கிள்."

விஸ்வலிங்கத்துக்கு அதுவும் பிடித்திருந்தது. தெரியாததைத் தெரிந்த மாதிரி அளக்காத பையன்.

"இதே மஞ்சக்கோடு போட்ட மணி பிளான்ட் எங்க வீட்டு கேட்டுலயும் படர்ந்திருக்கு," என்றார். "ஆனா யாரோ கொடி கொடியா ஒடிச்சிட்டுப் போயிடுறாங்க. பக்கத்து வீட்டுப் பெரியநாயகந்தான், வேற யாரு? கேட்டா இல்லவே இல்லன்னு சாதிக்கிறார். இப்ப ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல."

அனுஜாவுக்கு இருமல் வந்தது. அருணனின் அம்மா குமுதா தேத்தண்ணித் தட்டோடு வந்து எல்லாருக்கும் கொடுத்தார். "உனக்குச் சீனி போடலம்மா," என்று அனுஜாவிடம் ஒரு கோப்பையைத் தனியாக நீட்டினார்.

விஸ்வலிங்கத்துக்கு இன்னும் தொட்டியை விட்டு வர மனம் இல்லை.

"எங்க வீட்டுலயும் அனுஜா ஒரு தொட்டி வச்சா. மோட்டார் ஒரு பக்கம் கத்தும், தண்ணி ஒரு பக்கம் நாறும். யாருக்காவது தூக்கிக் குடுத்துட்டு வான்னுட்டேன். ஒரு மீன் தொட்டிய பார்த்துக்கத் தெரியல, மாப்பிள்ளைய மட்டும் தானாவே பார்த்துக்கிறேன்னு ஒருநாள் வந்து நின்னா. விடுவமா?"

அவர் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"காலம் பூரா தண்ணியோட கெடந்தவன் சொல்றேன். மருந்து இல்லாம, மெஷின் இல்லாம இப்படி ஒரு தண்ணி நான் பார்த்ததே இல்ல. இத இப்படி வச்சிருக்கிற கைக்கு எவ்வளவு பொறுமை இருக்கணும். அந்தக் கைய கண்ண மூடிட்டு நம்பலாம். சாரதா, நாள் பாரு."

சாரதாதேவி விட்ட பெருமூச்சு குசினி வரைக்கும் கேட்டிருக்கும். அனுஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு, காலிக் கோப்பையை வைக்க எழுந்தாள். குசினிக்குத் தொட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இலைகளுக்குள் இருந்த மீன்கள் அத்தனையும் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு கண்ணாடிக்கு ஓடி வந்தன. அவள் நகர்ந்தாள், அவையும் கூடவே நகர்ந்தன. அவள் நின்றாள். அவையும் நின்று அவளைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடின.

அருணன் தரையைப் பார்த்தான். விஸ்வலிங்கம் மீன்களைப் பார்த்தார். சீனி போடாத கோப்பையைப் பார்த்தார். விளிம்பில் இருந்த மஞ்சள் கோட்டு இலையைப் பார்த்தார். பிறகு மகளின் கையை வெகுநேரம் பார்த்தார்.

"பசிக்குது போல. தீனி எங்க இருக்குன்னு உனக்குத்தானே தெரியும், எடுத்துப் போடு பிள்ளை," என்றார். "சீக்கிரம் கிளம்பணும். பெரியநாயகத்துகிட்ட நான் மன்னிப்புக் கேக்க வேண்டியிருக்கு."