எட்டு மணிக்கு ஒரு மணி

"பெத்த பொண்ணு ஆறு வருஷமா ஒரு வார்த்தை பேசலை. யார் பெத்த பொண்ணோ தினம் எட்டு மணிக்கு ஞாபகமா போன்ல மணி அடிக்குது. இதை எங்க போய்ச் சொல்றது?"

லிஃப்ட்காரர் இதை நூறாவது தடவையாகச் சொன்னார். எதிர்க் கடையில் இஸ்திரி போடுகிறவர் நூறாவது தடவையாகக் கேட்டார்.

"விடுங்கண்ணே, கல்நெஞ்சக்காரி. சர்க்கரை மாத்திரை போடுற மனுஷனை இப்படியா ஒத்தையில விடுவா?"

சர்க்கரை என்பது தெருவுக்குச் சொல்லி வைத்த கதை. உண்மையில் அவருக்கு எச்.ஐ.வி. அறுபத்தோரு வயதில் கண்டுபிடித்தார்கள். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் இது என்ன கிரகசாரம் என்று அவரே தலையில் அடித்துக்கொண்டார். இப்போது அறுபத்தேழு.

பன்னிரண்டு மாடி ஆபீஸ் ஒன்றில் முப்பத்து நாலு வருஷம் லிஃப்ட் ஓட்டியவர். மணி அடித்தால் அந்த மாடியில் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். யார் அடித்தது, எதற்கு அடித்தது என்று கேட்கிற உத்தியோகம் இல்லை.

அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. மாத்திரை ஆரம்பித்த மறுநாள் ராத்திரி எட்டு மணிக்கு செல்போன் ஒரே ஒரு தடவை அடித்து ஓய்ந்தபோது, திருப்பிக் கூப்பிட அவருக்குத் தோன்றவே இல்லை. மருந்து கொடுத்தவர்கள்தான் ஞாபகப்படுத்துகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு மாத்திரையை விழுங்கினார். இஸ்திரிக்காரர் அந்த நம்பரை 'மாத்திரை' என்று பதிந்து கொடுத்தார்.

அன்றிலிருந்து தினமும் எட்டு மணி. ஒரு மணி. ஒரு மாத்திரை.

இஸ்திரிக்காரரிடம் புலம்பிய மறுநாள் ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போனார். அங்கே கவுன்சிலர் அம்மா என்று ஒருத்தி உண்டு. ஓட்டுக் கேட்டு வருகிற கவுன்சிலர் இல்லை. உட்கார வைத்து நல்ல வார்த்தை சொல்கிற கவுன்சிலர்.

"ஐயா, ரத்தத்துல வைரஸ் கண்ணுக்கே தட்டுப்படலை. பிரஷரும் மூட்டு வலியும் வயசுக்கு வர்றது, அதையும் பார்த்துக்கலாம். உங்க வயசுக்காரங்க மாத்திரையை மறந்துட்டு வந்து திருதிருன்னு முழிப்பாங்க. நீங்க ஆறு வருஷத்துல ஒருநாள் விடலை. அது எப்படி?"

"நீங்க மணி அடிக்கிறப்போ நான் எப்படிம்மா மறப்பேன்?"

"நாங்களா?"

"தினம் எட்டு மணிக்கு. ஒரே ஒரு மணி."

அவள் சிரித்தாள். "அஞ்சு மணிக்கே பூட்டிட்டுப் போயிடுவோம்யா. நாங்க யாரும் அடிக்கிறதில்லை. நீங்க எட்டு மணிக்கு மாத்திரை போடுறது வேற யாருக்குத் தெரியும்? முதல் நாள் நேரம் பேசினப்போ இந்த ரூம்ல நாம மூணு பேர்தானே இருந்தோம்."

மூணாவது ஆள் யார் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

வெளியே வந்தார். முதல் நாள் மகளோடு வந்த அதே படிக்கட்டு. அன்றைக்கு மகள் கேட்டது ஒரே கேள்விதான். "எப்படிப்பா?" அவமானம் பிடுங்கித் தின்ன, வாய்க்கு வந்ததையெல்லாம் கத்திவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போனார். பஸ்ஸில் உட்கார்ந்ததும் போனிலிருந்து அவள் நம்பரை அழித்தார். இதையெல்லாம் இஸ்திரிக்காரரிடம் அவர் சொன்னதே இல்லை.

வீடு வந்து சேர்ந்து, ஏழு மணியிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

சின்ன வயதில் அவள் ஸ்கூல் விட்டு நேராக ஆபீஸுக்கு வருவாள். ஒவ்வொரு மாடியாக ஏறி மணியை அடித்துவிட்டு ஒளிந்துகொள்வாள். அவள்தான் என்று தெரிந்தும் அவர் ஒவ்வொரு மாடிக்கும் போய் நிற்பார். "யாரு அடிச்சது?" என்பார். தூணுக்குப் பின்னாலிருந்து, "நான் இல்லைப்பாஆ" என்று கடைசி எழுத்தை இழுப்பாள். அந்த இழுவையை இன்னொரு தடவை கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

எட்டு. போன் வெளிச்சம் போட்டது. 'மாத்திரை'.

மணி அடித்து முடிவதற்குள் பொத்தானை அழுத்திவிட்டார். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"நீயாம்மா?"

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

"ஆறு வருஷமா அடிக்கிறியே, ஒரு தடவை பேசியிருக்கக் கூடாதா? உன் குரலைக் கேட்க மாட்டோமான்னு ஏங்கிக் கிடக்கிறேன்டா. போறவங்க வர்றவங்ககிட்டயெல்லாம் உன்னைப் பத்திக் குறை சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பேச்சு மட்டும் வரவில்லை.

"பேசும்மா. நான்தான் சொல்றேன், பேசு."

அந்தக் குரல் வந்தது. இழுவை அப்படியே இருந்தது.

"அப்பாஆ... 'இனிமே என்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது, செத்துப்போன உங்கம்மா மேல ஆணை'ன்னு அன்னைக்குப் படியில நின்னு சொன்னது நீங்கதானே? பேசத்தான் கூடாதுன்னீங்க. மணி அடிக்கக் கூடாதுன்னு சொல்லலையே."