கடைசிப் பாட்டில் ஏறுவான்

ராய் டிரம்ஸை விரட்டத் தொடங்கிவிட்டான். கடைசிப் பாட்டு.

அவள் வியர்த்த கையைப் புள்ளிப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மீண்டும் கம்பியை இழுத்து அறைந்தாள். வயலினை ஆளுயரத்துக்கு ஊதிப் பெருக்கிய மாதிரி மர வாத்தியம், டபுள் பேஸ்; அவளைவிட ஒரு தலை உயரம். வேறு இசையில் அதை வருடுவார்கள். ராக்கபில்லி என்கிற இந்தப் பழைய ராக் ஆட்டப்பாட்டில் அடிதான்.

பெரம்பூர் ரயில்வே காலனி மன்றம் நிரம்பியிருந்தது. முன்னால், ஜோடி சேர்ந்து ஆட வந்த நரைத்த தலைகள். பின்னால், காதில் ஊக்கு மாட்டிக்கொண்டு கத்துவதற்கென்றே வந்த பங்க் கூட்டம். இந்த இரண்டு தரப்பையும் ஒரே கூரைக்குள் சண்டையில்லாமல் வைத்திருக்க இந்த மூன்று பேர் குழுவால்தான் முடிந்தது.

இரண்டு தரப்பும் காத்திருந்தது ஒரே விஷயத்துக்குத்தான்.

கிளாரன்ஸ் ஏற வேண்டும்.

கடைசிப் பாட்டில் அவள் பேஸைப் பக்கவாட்டில் சாய்ப்பாள். அவன் கிட்டாரோடு அதன்மேல் ஏறி நின்று பாடுவான். இந்த வகைக் குழுக்களின் பழைய வழக்கம். கிளாரன்ஸ் அதைக் கனத்த பூட்ஸோடு செய்வான்.

போன வாரம் ஏறியபோது உள்ளே ஏதோ முறிந்தது.

கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. பேஸை அணைத்திருந்த அவளுக்கு மட்டும் உடம்பில் கேட்டது. வீட்டில் போய்ப் பார்த்தால் பக்கப் பலகையில் சாண் நீளத்துக்கு விரிசல். தச்சுப் பசை ஊற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, காய்ந்ததும் மேலே ஒரு மண்டையோட்டு ஸ்டிக்கரை ஒட்டினாள். பங்க் கூட்டத்துக்கு ஸ்டிக்கர் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கிளாரன்ஸிடம் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வாள்? ஏற முடியாத பேஸ் எதற்கு, பேஸ் கிட்டார் வாசிக்க ஒருத்தன் தயாராக இருக்கிறான் என்று அவன் கேலி செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவன் கேலியில் பாதி கேலியே இல்லை. இந்தக் குழுவை விட்டால் அவளுக்கு வேறு மேடையும் கிடையாது. இத்தனை பெரிய வாத்தியத்தை எந்தக் கல்யாண வீட்டில் கூப்பிடப் போகிறார்கள்?

இன்றைக்கு ஏறினால் பிளந்துவிடும்.

இருந்தாலும் சாய்த்தாள்.

கிளாரன்ஸ் வந்தான். ஏறவில்லை. குனிந்து பூட்ஸைக் கழற்றினான். முதலில் ஒன்று. பிறகு மற்றொன்று.

புது வித்தை என்று நினைத்துக்கொண்டு மன்றம் விசிலடித்தது.

அவனுக்குத் தெரியும்!

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. திட்டவில்லை, ஏன் மறைத்தாய் என்று கேட்கவில்லை, வெறுங்காலோடு வந்து நிற்கிறான். ஒரு வாரமாக அவனைப் பற்றி நினைத்ததற்கெல்லாம் வெட்கப்பட்டாள்.

அவன் அவள் காதருகே குனிந்தான்.

“மெதுவா ஏறுறேன். இன்னிக்கு ஒரு நாள் தாங்குனா போதும்.”

போதுமாம்.

அடுத்த சனிக்கிழமையும் இங்கேதான் கச்சேரி. வாசலில் போஸ்டரே ஒட்டியாகிவிட்டது. அதற்குத்தான் அந்தப் பேஸ் கிட்டார்க்காரன் தயாராக இருக்கிறானே.

அவன் வலது காலைத் தூக்கினான்.

அவள் பேஸை நிமிர்த்தினாள்.

தூக்கிய காலோடு தடுமாறி இரண்டு தப்படி தள்ளிப் போய் நின்றான் கிளாரன்ஸ். கிட்டார் நின்றுவிட்டது. விசில் நின்றுவிட்டது. ராய் ஓங்கிய குச்சியோடு ஒருமுறை அவனைப் பார்த்தான், ஒருமுறை அவளைப் பார்த்தான்.

அவள் கம்பியை இழுத்து அறைந்தாள். தனியாக. முன்பைவிட வேகமாக.

அறைந்துகொண்டே ராயின் குச்சி இறங்கக் காத்திருந்தாள்.