தம்பியின் வேன்

“இது செத்துப்போச்சுண்ணே. இனிமே திறந்து பாத்துப் பிரயோஜனம் இல்ல. எடுத்துடலாம்.”

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். பட்டறை நடுவில் அண்ணன்காரரின் பழைய கேம்பர் வேன் வாயைப் பிளந்து நின்றது. உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவுகிற தொட்டி எல்லாம் பளிச்சென்றுதான் இருந்தன. எஞ்சின்தான் புகை கக்கிப் படுத்துவிட்டது.

“சிலிண்டரை இன்னொரு தரம் குடைஞ்சு போர் பண்ணிப் பாரேன்மா.”

“ஏற்கெனவே ரெண்டு தரம் குடைஞ்சாச்சு. இன்னும் குடைஞ்சா சல்லடையாகி மாவு சலிக்கத்தான் ஆகும்.”

அவர் சிரிக்கவில்லை. மழை விட்டதும் குடும்பத்தோடு மலைக்குப் போவதாக ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

“டெஸ்ட் என்னண்ணே ஆச்சு?” என்றாள் மெக்கானிக், குரலைத் தாழ்த்தி.

ஊருக்கே தெரிந்த விஷயம்தான். அவருடைய தம்பிக்கு ரெண்டு கிட்னியும் போய்விட்டது. மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிப் பண்ணி, ஆள் பாதியாகிவிட்டான். பெண்டாட்டி பிள்ளை கிடையாது, அண்ணனை விட்டால் நாதியில்லை. ‘என்னோடதை எடுத்துக்கோடா’ என்று அண்ணன் முன்வந்ததிலிருந்து தெருவில் அவருக்கு நடக்கிற மரியாதையே வேறு.

“காலைலதான் டாக்டர் கூப்பிட்டாரு. அச்சு அசலாப் பொருந்துதாம். இப்படி அமையறதே அபூர்வமாம்.”

“ஐயோ, வயித்துல பால வாத்தீங்கண்ணே! தம்பி என்ன சொன்னாரு?”

“அவனுக்கு இன்னும் தெரியாது. நீங்க சொல்லாதீங்க, நானே சொல்லிக்கறேன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டேன்.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க, சட்டென்று வேலைக்குத் திரும்பினாள்.

“சரி, எஞ்சினுக்கு வருவோம். புதுசு வாங்கலாம். ஆனா அது உயரம். கட்டிலை அறுத்து எறிஞ்சாத்தான் உக்காரும்.”

“கட்டில் இல்லாம அது என்ன கேம்பர் வேன்?”

“அப்ப பழைய இரும்புக் கடையில ஒண்ணு கிடக்கு. வெள்ளத்துல முங்கினது.”

“அடுத்தவன் கழட்டிப் போட்டதை நான் ஏம்மா மாட்டிக்கணும்?”

“நல்ல கதையா இருக்கே! உங்களோடதைத் தம்பி மாட்டிக்கலாம், நீங்க மட்டும் மாட்டிக்க மாட்டீங்களா?” என்று அவள் சிரித்தாள். இந்த முறை அவரும் சிரித்தார்.

பட்டறை மூலையில் தார்ப்பாய் போர்த்தி இன்னொரு வேன் நின்றது. தம்பியுடையது. அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை. அண்ணன் தன் வண்டியை விரட்டி விரட்டி ஓட்டினார். தம்பி வாங்கிய கொஞ்ச நாளிலேயே படுத்துவிட்டான். ‘துருப்பிடிக்க விட்டுடாதக்கா, எந்திரிச்சு வந்து ஓட்டணும்’ என்று சொல்லி அவளிடம் விட்டிருந்தான்.

அவள் தார்ப்பாயை விலக்கிச் சாவியைத் திருப்பினாள். தூங்குகிற பூனைபோல எஞ்சின் உறுமியது. அண்ணன்காரர் கிட்டே போய்க் கையை வைத்துப் பார்த்தார்.

“இது என் வண்டியில உக்காருமா?”

“ஒரு போல்ட்டுகூட மாத்த வேணாம். இந்த மாடலை இப்ப எவன் செய்யறான்? ஊர்லயே இது ஒண்ணுதான் மிச்சம். ஆனா அதுக்கு ஆசைப்படாதீங்க. போன மாசம் நல்ல ஆள் ஒருத்தர் விலைக்குக் கேட்டாரு. ‘நான் உசுரோட இருக்கற வரைக்கும் அதுல யாரும் கை வைக்கக் கூடாது’ன்னுட்டாரு தம்பி.”

“அப்படியா சொன்னான்?”

“ஆமாண்ணே. அந்தப் பிடிவாதம்தான் ஆளை இன்னும் ஓட்டுது.”

அண்ணன்காரர் கையை எடுக்கவில்லை. எஞ்சின் சூடேறும்வரை அப்படியே நின்றார்.

“சரிம்மா. புதுசும் வேணாம், வெள்ளத்துல முங்கினதும் வேணாம். என்னோடதை இப்போதைக்கு ஒட்டுப்போட்டுக் குடு.”

“ஒட்டுப்போட்ட வண்டி மலை ஏறாதேண்ணே!”

“மலைக்கு அடுத்த வருஷம் போய்க்கலாம். இப்ப என்ன அவசரம்?”

அவளுக்குப் புரிந்துவிட்டது. தம்பி எழுந்து வரட்டும், சேர்ந்தே போகலாம் என்று பொறுக்கிறார் மனுஷன். இப்படி ஒரு கூடப்பிறப்பு தனக்கு வாய்க்கவில்லையே என்று நினைத்தபடி, எஞ்சினை அணைத்துத் தார்ப்பாயை இழுத்து மூடினாள்.

அவருடைய போன் அடித்தது. தம்பிதான். ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணே...” மூச்சு வாங்கியது. “டாக்டரைக் கேட்டா, உன்னையக் கேக்கச் சொல்றாரு. ரிசல்ட் வந்துருச்சாண்ணே?”

மெக்கானிக் வாயெல்லாம் பல்லாக, சொல்லுங்க சொல்லுங்க என்று கையை ஆட்டினாள். அண்ணன்காரர் தார்ப்பாயின் ஓரத்தைச் சரியாகச் செருகிவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“மனசைத் தேத்திக்கடா தம்பி. பொருந்தலையாம்.”